திருமணமாகாதவர் எனின் 19ஆம் வினாவுக்குச் செல்க

மூன்றாம் வருஷத்தில் எங்களுக்கு ஒரு குழு ஆய்வு இருந்தது. நாலு பேர், ஒரு செமஸ்டர், அறுபது பக்கத்துக்குக் குறையாத அறிக்கை. எங்களில் ஒருத்தி கிளிநொச்சி, ஒருத்தி மன்னார், ஒருத்தி ஹட்டன் பக்கத்துத் தோட்டம், மிச்ச ஒருத்தன் மட்டக்களப்பு. மற்றக் குழுக்கள் நுண்கடன், முகநூல் பாவனை, பாடசாலை இடைவிலகல் என்று எடுக்க, நாங்கள் கருத்தடையும் கருக்கலைப்பும் என்று எழுதிக் கொடுத்தோம். பெரிய துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்களும் நுண்கடன்தான் கேட்டோம், அதை வேறு குழு முதலே பிடித்துவிட்டது.

தலைப்பை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளையள், தலைப்பில அந்தச் சொல் வேண்டாம். உள்ளுக்கு வேணுமெண்டால் ஒரு பந்தி எழுதுங்கோ." எந்தச் சொல் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெளியில் வந்து, மரத்தடி வாங்கில் இருந்து, பத்து நிமிஷத்தில் தலைப்பை மாற்றினோம்: 'இனப்பெருக்க வயதுப் பெண்களிடையே குடும்பத் திட்டமிடல் சேவைகளின் அணுகல்: ஒரு சமூகவியல் நோக்கு'. இப்ப யோசித்தால் அந்தப் பத்து நிமிஷம்தான் உறுத்துகிறது. ஒரு நாளாவது எதிர்த்துக் கதைத்திருக்கலாம்.

வினாக்கொத்தை நாங்கள் சும்மா கற்பனையில் செய்யவில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வை முன்னால் வைத்துக்கொண்டுதான் செய்தோம். அந்த அறிக்கையில் இருக்கும் எண்கள் எங்களுக்கு மனப்பாடம். மணமாகி வாழும் பெண்களில் 64.6 வீதம் பேர் ஏதோ ஒரு கருத்தடை முறையைப் பாவிக்கிறார்கள். 53.6 வீதம் ஊசி, லூப், மாத்திரை, ஒபரேஷன் மாதிரி நவீன முறைகள். மிச்சம் நாள் பார்ப்பது, இடையில் விலகுவது போன்ற பழைய வழிகள். பிள்ளை வேண்டாம் அல்லது இப்போதைக்கு வேண்டாம் என்று நினைத்தும் எந்த முறையும் பாவிக்காதவர்கள் 7.5 வீதம். தென்னாசியாவிலே இது நல்ல எண் என்று மேற்பார்வையாளர் சொன்னார். உண்மைதான். 1953இல் குடும்பத் திட்டமிடல் சங்கம் தொடங்கின காலத்திலிருந்து இந்த நாடு இதில் வேலை செய்திருக்கிறது. ப்ரீத்தி என்றால் என்ன, மித்துரி என்றால் என்ன என்று எங்கள் அம்மம்மாக்களுக்கே தெரியும்.

எங்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் அந்த ஆய்வில் மரியாதை இருந்தது. முழு நாட்டையும் எடுத்த முதல் ஆய்வு அதுதான். அதற்கு முதல் 2006-07இல் நடந்ததில் வடமாகாணம் இல்லை. அதற்கும் முந்தியவற்றில் கிழக்கும் இல்லை, போர். எங்கள் அம்மாக்கள் எங்களைப் பெற்ற வருஷங்களில் அவர்களுக்கு என்ன முறை கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று அந்த ஆய்வுகளில் யாரும் கேட்கவில்லை. அட்டவணையில் 'வடமாகாணம் நீங்கலாக' என்று அடிக்குறிப்பு இருக்கும். அந்த அடிக்குறிப்பைப் பற்றி எங்கள் இலக்கிய மீளாய்வில் இரண்டு பக்கம் கோபமாக எழுதினோம். அதே நேரம், அதே மேசையில் இருந்து, எங்கள் வினாக்கொத்தின் முதல் பக்கத்தில் இப்படித் தட்டச்சு செய்தோம்:

வினா 4. மணநிலை. திருமணமாகாதவர் எனின் 19ஆம் வினாவுக்குச் செல்க.

19ஆம் வினா 'உங்கள் பிரதேசத்தில் தாய்சேய் நலச் சேவைகள் பற்றிய உங்கள் அபிப்பிராயம்'. இடையில் இருக்கிற பதினாலு கேள்விகளும், அதாவது ஆய்வு முழுக்க, மணமானவர்களுக்கு மட்டும். ஏன் அப்படிப் போட்டோம் என்று கேட்டால், 2016 ஆய்வும் திருமணமான அல்லது முன்பு திருமணமாகியிருந்த, 15 முதல் 49 வயதுப் பெண்களைத்தான் கேட்டது. நாங்களும் அதைப் பார்த்து எழுதினோம். எங்கள் நாலு பேருக்கும் அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. எங்களை வெளியில் விடும் ஒரு வினாக்கொத்தை நாங்களே செய்து, நாங்களே எழுத்துப்பிழை பார்த்து, அறுபது பிரதி எடுத்தோம். ஒருத்தருக்கும் அது தெரியவில்லை.

சட்டத்தைப் பற்றிய பந்தியும் எங்களில் ஒருத்திதான் எழுதினாள். தண்டனைச் சட்டக்கோவை, 1883. வெள்ளைக்காரன் எழுதினது. 303ஆம் பிரிவின்படி கருவைக் கலைப்பது குற்றம். தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்துடன் செய்தால் மட்டும் இல்லை. மூன்று வருஷம் வரை சிறை, குழந்தை அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு வருஷம் வரை. தனக்குத்தானே செய்துகொள்ளும் பெண்ணும் அதற்குள் அடங்குவாள் என்று கீழே விளக்கமும் இருக்கிறது. வன்புணர்வு, தகாத உறவு, பிழைக்க முடியாத கரு ஆகியவற்றுக்கு விலக்குக் கொடுக்க 1995இல் முயற்சி நடந்தது. பாராளுமன்றத்தில் அந்தப் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு மிச்சத் திருத்தங்களை நிறைவேற்றினார்கள். 2017இல் அமைச்சரவை வரைக்கும் திரும்பவும் போனது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அதுவும் அப்படியே கிடக்கிறது. இதைப் படித்த இரவு மன்னார்க்காரி கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அவள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், கருக்கலைப்பில் அவளுக்கு உடன்பாடு இல்லை. இன்றைக்கும் இல்லை. எங்களுக்குள் இது முடிந்துபோன வாதம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

பிறகு அந்த எண். இலங்கையில் ஒரு நாளைக்கு 658 கருக்கலைப்பு. பத்திரிகை, கருத்தரங்கு, விவாதப் போட்டி எதை எடுத்தாலும் இந்த எண் வரும், ஏதோ நேற்று எண்ணினது மாதிரி. தேடிப்போனபோது அது 1999-2000 காலத்து ஒரு ஆய்வின் மதிப்பீடு என்று தெரிந்தது. வருஷத்துக்கு 240,170; அதை 365ஆல் வகுத்தால் 658. எங்களைவிட வயசான எண். நாங்கள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், உயர்தரம் எழுதி, கம்பஸ் வந்தும் அது 658தான். மறைவில் நடக்கிற ஒன்றை வேறு எப்படி எண்ணுவது என்று கேட்கலாம், நியாயம். ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு எண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்வது எண்ணுவதில் சேராது. இந்தத் துறையில் நாங்கள் வாசித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போன ஒரு விஷயம் உண்டு: கலைக்க வருகிறவர்களில் பெரும்பான்மை மணமான பெண்கள், ஏற்கெனவே பிள்ளை இருக்கிறவர்கள். சனம் கதைக்கிற 'கெட்டுப்போன பெட்டை' கதைக்கு இது நேரெதிர். இதைக் கண்டதும் எங்களுக்குச் சந்தோஷம். பாருங்கோ, மணமானவர்களை மட்டும் கேட்பது சரிதான் என்று எங்கள் வினா 4க்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது.

களத்துக்குப் போனோம். ஒரு எம்.ஓ.எச் பிரிவு, அங்கத்தைய மிட்வைப் மிஸ் ஒருவர் ஸ்கூட்டியில் முன்னால் போக நாங்கள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் பின்னால். அந்த மிஸ்ஸை நாங்கள் மறக்க மாட்டோம். ஒரு பெரிய பதிவேடு வைத்திருந்தார், தகுதியுள்ள குடும்பங்களுடையது. கல்யாணம் முடித்த, அல்லது சேர்ந்து வாழ்கிற பெண்கள் அதில் வருவார்கள். யாருக்கு ஊசி எப்ப முடியுது, யார் லூப்பை எடுக்கக் கேட்டது, யாருடைய மனுஷன் வெளிநாட்டால் வாறான், எல்லாம் அவருக்கு மனதில் இருக்கும். "இந்தப் புத்தகத்தில பேர் வந்தால் நான் வீட்டுக்கு வருவன். வராட்டி எனக்குத் தெரியாது" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வேலை அப்படி.

பெண்கள் முதலில் கதைக்கவில்லை. வினாக்கொத்தை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்த பிறகுதான் கதைத்தார்கள். ஒருத்தி மாமியாருக்குத் தெரியாமல் ஊசி போடுகிறாள், கிளினிக் கார்ட்டை அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறாள். ஒருத்திக்கு லூப் போட்டு முதுகு நோ, எடுக்கச் சொன்னால் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி மூன்றாவது தரம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இன்னொருத்தி, 2022இல் சாமான் விலை ஏறினபோது மனுஷன் பார்மசியில் வாங்குவதை விட்டுவிட்டார் என்றாள். அந்த வருஷம் பிறந்த பிள்ளை மடியில் இருந்தது. "இவர் தட்டுப்பாட்டுக் காலத்துப் பிள்ளை" என்று கொஞ்சினாள். அரிசி வாளிக்கும் இந்தக் கொஞ்சலுக்கும் எங்கள் வினாக்கொத்தில் பெட்டி இருக்கவில்லை.

ஆனால் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது வேறு ஒரு விஷயத்தில். 'அணுகல்' என்ற சொல்லை நாங்கள் கிடைப்பது என்றே விளங்கியிருந்தோம். எவ்வளவு கூடக் கிடைக்குதோ அவ்வளவு நல்லது. ஹட்டன்காரி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க லயத்துல கேட்டுப் பாருங்க. மூணு புள்ள பொறந்தா ஒபரேஷன். எங்க பாட்டி காலத்துல காசு குடுத்து பண்ணுனாங்க. அது என்னா ஒபரேஷன்னு பாட்டிக்கு ரொம்ப நாளைக்கு அப்புறந்தான் தெரியும்" என்றாள். 1980இலிருந்து அரசாங்கம் மலட்டுச் சத்திரசிகிச்சைக்கு ஊக்கத்தொகை கொடுத்தது பதிவில் இருக்கிறது. தோட்டத்துறையில் அந்த ஒபரேஷன் செய்துகொண்ட பெண்களின் விகிதம் நகரத்தையும் கிராமத்தையும் விட அதிகம் என்பதும் பதிவில் இருக்கிறது. அட்டவணையில் பார்த்தால் அது 'நவீன முறைப் பாவனை: உயர்வு' என்று நல்ல புள்ளியாக நிற்கும்.

கிளிநொச்சிக்காரிக்கு வேறு நினைவு. 2013 ஓகஸ்ட் 31. வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஊர்ப் பெண்களைப் பிள்ளைகளோடு கிளினிக்குக்கு வரச்சொல்லி, கையில் வைக்கிற ஜடெல் குச்சியை வற்புறுத்திப் போட்டதாக அந்தப் பெண்களே சொன்னார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். அவளுக்கு அப்போது பத்து வயசு இருக்கும். கொஞ்ச நாள் ஊரில் தாய்மார் பிள்ளைக்கு நிறை பார்க்கக்கூடப் போகப் பயந்தது அவளுக்கு ஞாபகம். மட்டக்களப்புக்காரன் 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்ததைச் சொன்னான். சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்தார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாப்பொருள் என்று வந்தது. அடுத்த வருஷம் குருநாகலில் ஒரு முஸ்லிம் டொக்டர்மேல் அதே மாதிரிக் கதை. "நம்மட நாட்டுல பொம்புளையட கருப்பையப் பத்தி எல்லாருக்கும் பயம். அவவுக்கிட்ட மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டானுகள்" என்றான் அவன். குழுவில் அவன்தான் குறையக் கதைக்கிறவன்.

அன்றைக்குத்தான் அணுகல் என்ற அத்தியாயத்தைத் திரும்பவும் எழுதினோம். வேண்டும் என்று கேட்டு எடுப்பதும், வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வருவதும், போட்டதை எடு என்று கேட்பதும் ஒரே கதவுதான் என்று எழுதினோம். அறிக்கையில் எங்களுக்குப் பிடித்த பக்கங்கள் அவை.

பார்மசிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அவசர கருத்தடைக் குளிசை, எல்லாரும் போஸ்டினோர் என்று சொல்வது, எவ்வளவு இலகுவாகக் கிடைக்கிறது என்று பார்க்க இரண்டு பெட்டையள் ஒரு பார்மசிக்குப் போனோம். கவுண்டரில் நின்ற ஐயா எங்கள் கழுத்தைப் பார்த்தார். தாலி தேடினார் என்று ஹட்டன்காரி சொல்கிறாள், நாங்கள் சத்தியம் பண்ண மாட்டோம். "ஆருக்கு?" என்றார். பிறகு "முடிஞ்சுது" என்றார். ஒரு மணித்தியாலம் கழித்து எங்கள் ஆம்பிளையை அனுப்பினோம். ஒரு கேள்வியும் இல்லை, மண்ணிறக் கவரில் போட்டுக் கொடுத்து மிச்சக்காசையும் எண்ணிக் கொடுத்தாராம். கல்யாணம் கட்டாதவருக்குக் கருத்தடை கொடுக்கக் கூடாது என்று இந்த நாட்டில் ஒரு சட்டமும் இல்லை. சட்டம் செய்யாத வேலையை அந்த ஐயாவின் கண் செய்தது. அந்தக் குளிசைப் பெட்டி கனநாள் எங்கள் கோப்புக்குள் 'பின்னிணைப்பு' என்று கிடந்தது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம் இனித்தான் வருகிறது. அந்தத் தங்கச்சியைப் பற்றி எந்தப் பீடம், எந்த வருஷம், எந்த ஊர் என்று ஒன்றும் சொல்ல மாட்டோம். இதை அவள் வாசித்துவிட்டாள். இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டோம்.

கம்பஸில் எங்கள் ஆய்வு ஒரு பகிடியாகப் பரவியிருந்தது. ஹொஸ்டலில் எங்களுக்குப் பெயர் 'கிளினிக்'. "கிளினிக் அக்காக்கள் வாறினம்" என்பார்கள். ஒரு பின்னேரம் இந்தத் தங்கச்சி எங்கள் அறை வாசலில் வந்து நின்று, ஏதோ அசைன்மென்டுக்குக் கேட்பது மாதிரி, "அக்கா, அந்தக் குளிசை எத்தினை நாளுக்குள்ள போடோணும்?" என்று கேட்டாள். எங்களுக்குக் கேட்கவா வேணும். 72 மணித்தியாலம், முந்தினால் முந்தினது நல்லது, அது முட்டை வெளிவருவதைத் தடுக்கிறது, ஏற்கெனவே தங்கின கருவை அது ஒன்றும் செய்யாது என்று மூன்று பேரும் மாறிமாறி விளக்கினோம். பள்ளிக்கூடத்தில் இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில போய் வாசியுங்கோ" என்று தாண்டிப் போன டீச்சர்மாரை நினைத்து எங்களுக்கு எங்களைப் பற்றிப் பெருமையாகவும் இருந்தது. அவள் எல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்குப் பிறகு எண்டால்?" என்றாள்.

எங்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டு சொன்னாள்: "அது எங்கட ஆய்வின்ர எல்லைக்கு வெளியில."

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு மேசையில் கிடந்த வினாக்கொத்து ஒன்றை எடுத்துப் புரட்டினாள். முதல் பக்கத்திலே நிறுத்தி, "எனக்கு நேர 19தானே" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதையும் பகிடி என்றே எடுத்தோம்.

பதினைந்து நாள் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு அவளுடைய அறைத்தோழி வந்து தட்டினாள். போய்ப் பார்த்தால் அவள் கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள், முகம் வெளிறி, இரண்டு துவாய் நனைந்துவிட்டது. யாரோ ஒருவர் மூலம் யாரோ ஒருவரிடம் காசு கொடுத்துக் குளிசை வாங்கியிருக்கிறாள். கவர் இல்லை, தாள் இல்லை, எத்தனை, எப்படி என்று ஒழுங்காகச் சொல்ல ஆளும் இல்லை. மூன்று நாளாக இரத்தம் போகிறது. காய்ச்சலும் இருந்தது.

இந்த இடத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அவளை உடனே கொண்டுபோகாமல், அந்த அறைக்குள் நின்று நாங்கள் வாதாடினோம். 303ஆம் பிரிவு எங்களுக்குத்தானே தெரியும். ஆஸ்பத்திரியில் பொலிசுக்குச் சொல்லுவினமோ, அவளையும் பிடிப்பினமோ, கொண்டுபோன எங்களையும் கேட்பினமோ, கம்பஸுக்கு அறிவிப்பினமோ. சட்டம் வாசிக்காத அறைத்தோழி "அக்கா, ஓட்டோவுக்கு அடியுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வாசித்த நாங்கள் அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். மன்னார்க்காரிதான் கத்தினாள், "முதல் ஆளை ஏத்துங்கோ. சட்டத்தைப் பிறகு கதைப்பம்." ஓட்டோவில் அவளுடைய தலை மன்னார்க்காரியின் மடியில் இருந்தது. அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது, செபம் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறோம். நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் லப்டொப்பில், 'வாசிக்க வேண்டியவை' என்ற கோப்புறைக்குள், கருக்கலைப்புக்குப் பிந்திய பராமரிப்புப் பற்றிக் குடும்ப சுகாதாரப் பணியகம் வெளியிட்ட வழிகாட்டி அன்றைக்கும் கிடந்தது. எங்கள் அத்தியாயத்துக்குத் தேவையில்லை என்று திறக்கவில்லை. கலைந்தது எப்படியென்றாலும், இரத்தப்போக்கோடு வருகிற பெண்ணுக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும், அவளுடைய அந்தரங்கத்தைக் காக்க வேண்டும், வீட்டுக்குப் போக முதல் கருத்தடை பற்றியும் கதைக்க வேண்டும். இதுதான் அந்தப் பராமரிப்பு. அரச ஆஸ்பத்திரிகளில் இது ஒவ்வொரு நாளும் நடக்கிற வேலை. பயந்து பிந்தி வருவதால்தான் பெண்கள் சாகிறார்கள். தாய் மரணங்களின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது நீண்ட காலம் இருந்திருக்கிறது. இதை வாசிக்கிற யாருக்காவது இப்படி ஒரு இரவு வந்தால் நிற்காமல் போங்கோ. எங்களுக்கு அந்த அரை மணித்தியாலம் தெரியாமல் போனது, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி பெயர், இரண்டாவது வயசு, மூன்றாவது "கல்யாணம் முடிச்சிட்டீரா?" கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை. படிவத்தில் அடுத்த பெட்டி அதுதான். அவள் பேசாமல் கிடந்தாள். நாங்கள் ஆளை ஆள் பார்த்தோம். "புருஷனிட பேர் என்ன? ஆர் கூட வந்தது?" அந்த நேரம் பார்த்துத்தான் மட்டக்களப்புக்காரன், ஆம்பிளைகள் விடுதியில் இருந்து சைக்கிளில் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். விஷயம் என்னவென்று விளங்கக்கூட இல்லை, முன்னுக்கு வந்து தன்னுடைய பெயரைச் சொன்னான். எழுதிக்கொண்டார்கள். கேள்வி நின்றது. பிறகு வெளியில் இருந்து, "நான் ஒரு பொய்தான் சொன்னன் புள்ளையள். அதுக்குப் புறகுதான் எல்லாரும் ஒழுங்காக் கதைச்சாங்க, என்ன?" என்றான். பார்மசியில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. ஒரு ஆம்பிளையின் பெயர் வேண்டியிருந்தது.

வாட்டில் இருந்த சின்ன டொக்டர், எங்களைவிட நாலைந்து வயசு கூட இருக்கும், திரையை இழுத்துவிட்டு அவளிடம், "என்ன போட்டனீங்கள், எப்ப போட்டனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது தெரிஞ்சால்தான் எனக்கு மருந்து செய்யலாம். ஏன் எண்டு கேட்கமாட்டன்" என்றாராம். அவள் சொன்னாள். விடிய முதல் கருப்பையைச் சுத்தம் செய்து, இரத்தம் ஏற்றி, ஊசி மருந்து தொடங்கினார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா ஒருவர் இரண்டு நாளும் கொஞ்சம் கூடச் சத்தமாகப் பெருமூச்சு விட்டார் என்பதைத் தவிர ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை. பொலிஸ் வரவில்லை. ஹொஸ்டல் வாடனிடம் டெங்கு என்றோம். அந்தச் சீசன் எல்லாருக்கும் டெங்கு, நம்பினார். பப்பாசி இலை குடிக்கச் சொல்லி ஆளும் அனுப்பினார்.

அவள் திரும்பி வந்த பிறகு ஒரு கிழமை நாங்கள் அறிக்கையைத் தொடவில்லை. பிறகு இருந்து வினா 4ஐ என்ன செய்வதென்று கதைத்தோம். களவேலை முடிந்துவிட்டது. நிரப்பின வினாக்கொத்து எல்லாம் மணமானவர்களுடையது. திரும்பத் தொடங்க நாளில்லை, நெறிமுறை அனுமதியும் இல்லை. ஒருத்தி, பெயர் போடாமல் அவளுடைய கதையை ஒரு 'தனிநபர் ஆய்வாக' சேர்ப்போம் என்றாள். நாங்கள் அவளிடம் கேட்டோம். "அதில என்னைப் போட்டு உங்களுக்கு எத்தினை புள்ளி வரும்?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்டாளா உண்மையாகக் கேட்டாளா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாங்கள் சேர்க்கவில்லை. 'ஆய்வின் வரையறைகள்' என்ற பகுதியில் ஒரு வசனம் எழுதினோம்: 'திருமணமாகாத பெண்கள் இவ்வாய்வில் உள்ளடக்கப்படவில்லை.' அவ்வளவுதான். எழுத அரை நிமிஷம் எடுத்திருக்கும்.

வாய்மொழிப் பரீட்சையில் அந்த வசனத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. மாதிரி எடுத்த முறையைப் பற்றி ஒரு கேள்வி, பக்க இலக்கம் பிழைத்ததைப் பற்றி ஒன்று. மேற்பார்வையாளர் மட்டும் வெளியில் வந்தபோது எங்களைக் கூப்பிட்டு, அணுகல் அத்தியாயம் நல்லாயிருந்தது, அந்தச் சொல்லைத் தலைப்பில் விட்டிருக்கலாமோ என்று தான் இப்ப யோசிப்பதாகச் சொன்னார். நாங்கள் "ஓம் சேர்" என்றோம். அவருக்கு எங்கள்மேல் அன்பு உண்டு, அதில் பிழை சொல்ல மாட்டோம்.

அறிக்கை கடுநீல அட்டையில் கட்டி நூலகத்தில் இருக்கிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தபோது யாரோ ஒருவர் வினா 4க்குப் பக்கத்தில், பென்சிலால், சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அவளிடம் கேட்டோம், தான் இல்லை என்றாள்.